டச்சு போல்டர்களில் சைக்கிள்: கரையையும் காற்றையும் படிக்கக் கற்பது

நெதர்லாந்தில் லெக் ஆற்றின் கரைமேல் போகும் சாலை வெகுதூரம் சீராகப் போகும். திடீரென்று ஓரிடத்தில் குதிரைலாடம் போல வளைந்து, மறுபடியும் பழைய திசைக்கே திரும்பும். வளைவை ஒட்டி நாணல் சூழ்ந்த ஒரு குளம் கிடக்கும். எப்போதோ ஒரு வெள்ளத்தில் அங்கே கரை உடைந்து, பாய்ந்த தண்ணீர் தரையைக் குடைந்து பெரும்பள்ளம் ஆக்கிவிட்டது. அதைத் தூர்க்க வழியில்லாமல் புதுக்கரையைப் பள்ளத்தைச் சுற்றிப் போட்டார்கள். அந்தக் குளத்துக்கு டச்சு மொழியில் 'வீல்' என்று பெயர். சைக்கிளில் போகிறவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: குளம் தெரிந்தால் கூர்வளைவு வரப்போகிறது, எதிரே வருபவர் கண்ணில் படமாட்டார், வேகத்தைக் குறைக்க வேண்டும்.

இந்த நாட்டின் சமவெளியில் பெரும்பாலான சாலைகள் இப்படித்தான், தண்ணீர் போட்ட கோட்டின் மேல் போகின்றன. தண்ணீர் எங்கே நிற்கிறது, எங்கே ஓடுகிறது, எங்கே இறைத்துக் கொட்டப்படுகிறது என்று புரிந்துவிட்டால், கார் வராத சாலை எது என்று வரைபடத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். இங்கே முதல்முறை சைக்கிள் எடுப்பவர்களுக்காக அந்த அடிப்படைகளை விளக்குகிறோம்.

போல்டர் என்பது என்ன

ஏரிக்கரை தண்ணீரை உள்ளே பிடித்து வைக்கிறது. போல்டரின் கரை தண்ணீரை வெளியே நிறுத்துகிறது. சுற்றிலும் கரை கட்டி, உள்ளே ஊறும் நீரையும் மழைநீரையும் இடைவிடாமல் இறைத்து வெளியேற்றி, நீர்மட்டத்தை மனிதர்கள் தீர்மானிக்கும் நிலம்தான் போல்டர். முன்பு இறைத்தவை காற்றாலைகள். இப்போது மின்சார, டீசல் பம்புகள். ரோட்டர்டாமுக்கு அருகே நியூவெர்கெர்க் ஆன் டென் ஐசெல் பக்கம் தரை கடல்மட்டத்துக்கு 6.76 மீட்டர் கீழே இருக்கிறது. நாட்டிலேயே தாழ்வான இடம் அதுதான்.

போல்டரில் இரண்டு வகை உண்டு. சைக்கிளில் இரண்டும் வேறு வேறு அனுபவம்.

முதல் வகை, இடைக்காலத்தில் சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டி வடித்தது. லெக் ஆற்றின் இரு கரைகளிலும் உள்ள ஆல்பிளாசர்வார்ட், கிரிம்பனர்வார்ட் வட்டாரங்கள் இரண்டும் இப்படிப்பட்டவை. வயல்கள் நாடாபோல நீண்டு குறுகிக் கிடக்கும். பல இடங்களில் ஒரு துண்டு ஏறத்தாழ 113 மீட்டர் அகலம், 1250 மீட்டர் நீளம். ஒவ்வொரு துண்டின் தலைமாட்டிலும் ஒரு பண்ணைவீடு இருப்பதால், ஊரே ஒற்றைத் தெருவாகக் கிலோமீட்டர் கணக்கில் நீளும். சிற்றாறுகள் வளைந்து ஓடும். சாலையும் கூடவே வளையும். வீடும் மரமும் காற்றைக் கொஞ்சம் மறைக்கும். தொடங்குகிறவர்களுக்கு இந்த வகையையே சொல்வோம்.

இரண்டாம் வகை, ஏரியையோ உள்கடலையோ இறைத்து வற்றவைத்தது. 1612இல் வற்றிய பேம்ஸ்டர் இதன் புகழ்பெற்ற மாதிரி. 1999இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இங்கே சாலைகள் அளவுகோல் வைத்துக் கோடு போட்டவை. கட்டம் கட்டமாகச் செங்கோணத்தில்தான் திரும்பும். ஃபிளேவோலாண்ட் மாகாணத்தின் கிழக்குப் பகுதி 1957இலும் தெற்குப் பகுதி 1968இலும் வற்றியது. அங்கே நேர்கோடு இன்னும் நீளம். எதிர்க்காற்றுள்ள நாளில், முனை கண்ணுக்குத் தெரிந்தும் நெருங்கி வராத சாலை மனத்தைச் சோர்வடையச் செய்யும். அதைப் பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆற்றோரம் இரட்டைக் கரை உண்டு. ஆற்றை ஒட்டித் தாழ்வாக இருப்பது கோடைக்கரை. உள்ளே தள்ளி உயரமாக இருப்பது குளிர்காலக் கரை. நடுவிலுள்ள புல்வெளிக்கு 'உயிட்டர்வார்ட்' என்று பெயர். ஆறு பெருகும்போது தண்ணீர் பரவிப் படுத்துக்கொள்ள விட்டுவைத்த இடம் அது. 1995 வெள்ளத்தில் ஆற்றுப் பகுதிகளிலிருந்து சுமார் 2,50,000 பேரை வெளியேற்ற நேர்ந்தது. அதற்குப் பிறகு பல இடங்களில் கரையை உள்ளே தள்ளிப் போட்டு இந்த வெளியை அகலப்படுத்தினார்கள். உயிட்டர்வார்ட் வழியாகப் போகும் பாதைகள் கோடையில் மிக அழகு. குளிர்காலத்தில் அவை நீருக்கடியில் இருக்கலாம், நீர் வடிந்த பிறகும் சேறு படிந்திருக்கும். டிசம்பரிலிருந்து மார்ச் வரை உயரக் கரையிலேயே போவது நல்லது.

கார் ஏன் வருவதில்லை

'கார் இல்லாத பாதை' என்றால் சைக்கிளுக்கென்றே போட்ட தனிப்பாதை மட்டும்தான் என்று நினைப்பது பொதுவான தவறு. தனிப்பாதை நாடெங்கும் சுமார் 35,000 கி.மீ. இருக்கிறது. ஆனால் போல்டரில் பாதி நேரம் நீங்கள் போவது கார் போக அனுமதி உள்ள, ஆனால் கார் வரக் காரணமே இல்லாத சாலையில்.

இது தானாக அமைந்தது அல்ல. 1990களில் தொடங்கிய 'நீடித்த பாதுகாப்பு' என்ற கொள்கையின்படி சாலைகளை மூன்றாகப் பிரித்தார்கள்: வேகமாகக் கடந்துபோக ஒன்று, ஊரை ஊரோடு இணைக்க ஒன்று, வீட்டையும் வயலையும் சென்றடைய ஒன்று. மூன்றாம் வகையில் ஊருக்கு வெளியே வேகவரம்பு 60, ஊருக்குள் 30. அதன் வழியே குறுக்காகப் புகுந்து நேரம் மிச்சப்படுத்த முடியாதபடி காரை வேறு சாலைக்குத் திருப்பிவிட்டார்கள். எனவே லெக் கரைச் சாலையில் எதிர்ப்படுவது அந்த ஊர்க்காரரின் காரும் டிராக்டரும்தான். கரைச் சாலைகள் சிலவற்றில் வார இறுதியில் மோட்டார் சைக்கிளுக்கும் தடை உண்டு.

வரைபடம் பார்க்கும்போது ஒரு எளிய உத்தி: 'என்' (N) என்ற ஆங்கில எழுத்தும் எண்ணும் கொண்ட மாகாணச் சாலையை முதலில் கண்டுபிடியுங்கள். கார் எல்லாம் அதில் போகும். அதற்கு இணையாக ஆற்றையோ வாய்க்காலையோ ஒட்டி மெல்லிய கோடு ஒன்று நெளிந்து போகும். அதுதான் உங்கள் சாலை.

பலகைகள்

வட்ட நீலப் பலகையில் வெள்ளைச் சைக்கிள் இருந்தால் அது கட்டாயப் பாதை. பக்கத்தில் நல்ல தார்ச்சாலை இருந்தாலும் நீங்கள் பாதையில்தான் போக வேண்டும். 'ஃபீட்ஸ்பாத்' என்று எழுதிய நீள்சதுரப் பலகை என்றால் உங்கள் விருப்பம். வட்டப் பலகையில் சைக்கிளோடு மொபெட்டும் இருந்தால் 45 கி.மீ. வேகம் வரை போகக்கூடிய வண்டிகளும் அதே பாதையில் வரும். பின்னால் சத்தம் கேட்டால் வலப்பக்கம் ஒதுங்கி, கோடு மாறாமல் போங்கள்.

முட்டுச்சந்து என்று சொல்லும் நீலப் பலகையில் சிறிய சைக்கிள் படம் ஒன்று சேர்ந்திருந்தால் மகிழுங்கள். காருக்குத்தான் அது முட்டுச்சந்து. சைக்கிளுக்கு அப்பால் வழி இருக்கிறது. அமைதியான சாலைகளில் பல இப்படித்தான் ஒளிந்திருக்கின்றன. 'உயிட்கெசோண்டர்ட்' என்ற சொல் ஒரு தடைப் பலகைக்குக் கீழே இருந்தால் 'தவிர' என்று பொருள். அதற்குப் பின் சைக்கிள் படமோ 'ஃபீட்சர்ஸ்' என்ற சொல்லோ வந்தால் தடை உங்களுக்கு இல்லை.

தரையில் வெள்ளை முக்கோணங்கள் வரிசையாக உங்களை நோக்கிக் கூர்காட்டினால் வழி விட வேண்டியவர் நீங்கள். இதைச் சுறாப்பற்கள் என்கிறார்கள். எந்தக் குறியும் இல்லாத போல்டர்ச் சந்திப்பில் வலப்பக்கம் இருந்து வருபவருக்கு முன்னுரிமை. 2001 மே 1 முதல் சைக்கிளுக்கும் இது பொருந்தும். இங்கே வண்டிகள் வலப்பக்கம் ஓடுவதால், இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்கள் ஆளில்லாச் சாலையில் திரும்பும்போதுதான் தவறுகிறார்கள். போக்குவரத்து இருந்தால் அதைப் பார்த்துச் சரிசெய்துகொள்வோம். வெறுஞ்சாலையில் பழைய பழக்கம் கையைத் திருப்பிவிடும்.

மணி கட்டாயம். இருட்டினால் முன்விளக்கும் சிவப்புப் பின்விளக்கும் கட்டாயம். ஓடும் சைக்கிளில் போனைக் கையில் பிடிப்பது 2019 ஜூலை 1 முதல் குற்றம். ஹேண்டில்பாரில் தாங்கி மாட்டி வழி பார்க்கலாம். இருவர் பக்கவாட்டில் போகலாம், மூவர் கூடாது.

எண்களைப் பிடித்துப் போவது

வழி கண்டுபிடிக்கும் முறை இந்த நாட்டில் அவ்வளவு எளிது. பாதைகள் சந்திக்கும் இடங்களுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். 'க்னோப்புண்ட்' என்பது அதன் பெயர். பெல்ஜியத்தின் லிம்பர்க் மாகாணத்தில் சுரங்கப் பொறியாளர் ஹியூகோ போலன் உருவாக்கிய முறை இது. 1995இல் அங்கே தொடங்கி நெதர்லாந்து முழுவதும் பரவியது. போக வேண்டிய எண்களை மட்டும் வரிசையாக எழுதிக்கொண்டால் போதும். ஒரு எண்ணை அடைந்ததும் அடுத்த எண்ணுக்கு அம்புக்குறி காட்டும். சந்திப்புகளில் சுற்றுவட்டார வரைபடமும் நிற்கும்.

சிறு துண்டுக் காகிதத்தில் எண்களைப் பெரிதாக எழுதி, மேலே ஒளிபுகும் டேப் ஒட்டி ஹேண்டில்பாரின் நடுவில் கட்டிவிடுங்கள். மழையில் போன் திரை தொட்டாலும் கேட்காது. காகிதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

தவறு நடப்பது மூன்று இடங்களில். எண்கள் வரிசைப்படி வராது. 23க்கு அடுத்து 68 வருவது இயல்பு, வழி தப்பிவிட்டதாக எண்ணித் திரும்ப வேண்டாம். இரண்டிலக்க எண்களே திரும்பத் திரும்பப் பயன்படுவதால் வேறு வட்டாரத்தில் இன்னொரு 23 இருக்கும். எனவே எண்களோடு ஓரிரு ஊர்ப்பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாவதுதான் மெல்லிய டயர் கொண்ட வேகச் சைக்கிளான ரோடு சைக்கிளில் போகிறவர்களை அதிகம் வதைப்பது: இந்த வலையமைப்பு வேகத்துக்காக அல்ல, காட்சிக்காகப் போட்டது. திடீரென்று கிளிஞ்சல் தூள் பாதையிலோ சரளையிலோ கொண்டுபோய் விடும். சைக்கிள் ஓட்டுவோர் சங்கமான ஃபீட்சர்ஸ்பாண்டின் வழித்திட்டத் தளத்தில் ரோடு சைக்கிளுக்கான வழியைத் தனியாகக் கேட்கலாம்.

காற்று

தரை சமம் என்பதால் எளிது என்று நம்பி வருகிறவர்கள் முதல் நாளிலேயே களைத்துப் போவதற்குக் காற்றுதான் காரணம். தடுக்க மலையோ காடோ இல்லை. பெரும்பாலும் வீசுவது தென்மேற்கிலிருந்து.

கணக்காகவே பார்ப்போம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ. ஓரளவு குனிந்து, சீராக 100 வாட் அளவில் மிதிக்கிறார். காற்றில்லாத நாளில் ஏறத்தாழ மணிக்கு 25 கி.மீ. கிடைக்கும். வினாடிக்கு 5 மீட்டர் காற்று முகத்தில் அடித்தால் அதே உழைப்புக்கு 16 கி.மீ.தான். முதுகில் அடித்தால் 36. எதிர்க்காற்றிலும் 25ஐ விடமாட்டேன் என்று பிடித்தால் 235 வாட் தேவை, அதாவது இரண்டு மடங்குக்கும் மேல். தொடங்குபவர் யாரும் அதை அரைமணி நேரம் தாங்கமாட்டார்.

போகும்போது இழந்ததைத் திரும்பும்போது பின்காற்று ஈடுகட்டிவிடும் என்பதும் பொய். 20 கி.மீ. போய் 20 கி.மீ. திரும்பக் காற்றில்லா நாளில் 96 நிமிடம். இந்தக் காற்றில் எதிர்த்துப் போக 75, திரும்ப 33, மொத்தம் 108. எதிர்க்காற்றில் மெதுவாகப் போவதால் அதில் கழியும் நேரமும் அதிகம். இழப்பு எப்போதும் வரவைவிடப் பெரிது.

ஆகவே வேகமானியை மறந்து, மூச்சைக் கவனியுங்கள். பேச முடிகிற அளவு மூச்சு இருந்தால் சரியான உழைப்பு. எதிர்க்காற்றில் கியரைத் தாராளமாகக் குறைத்து, நிமிடத்துக்கு 80 சுற்றுக்குக் குறையாமல் காலைச் சுழலவிடுங்கள். கனமான கியரில் அழுத்தி மிதிப்பதால்தான் முழங்கால் வலி வருகிறது. முழங்கையை மடக்கி உடலைத் தாழ்த்தினால் அதுவே பல வாட் மிச்சம்.

வானிலை அறிவிப்பு காற்றைப் போஃபோர்ட் அளவில் சொல்லும்; எண் கூடக் கூடக் காற்று வலுக்கும். 3 வரை கவலையில்லை. 4 என்றால் மேலே சொன்ன கணக்கு உண்மையாகும். அறிவிப்பு 10 மீட்டர் உயரக் காற்றைச் சொல்கிறது. சைக்கிள் உயரத்தில் அது சற்றுக் குறைவு. 5 வந்தால் தூரத்தைப் பாதியாக்குங்கள். 6இல் புதியவர்கள் கரைமேல் ஏறவே வேண்டாம். அப்போது பக்கக்காற்றுதான் ஆபத்து. ஒரு களஞ்சியத்தின் மறைவிலிருந்து வெளிப்படும் நொடியில் முன்சக்கரம் ஒரு முழம் நகரும், இருபுறமும் கைப்பிடியில்லாத சரிவு. (இந்த நாட்டுக்காரர்கள் 2013 முதல் புயல் நாளாகப் பார்த்து, ஓஸ்டர்ஸ்கெல்டே என்ற கடல் தடுப்பணைமேல் 8.5 கி.மீ. எதிர்க்காற்றுப் பந்தயமே நடத்துகிறார்கள், அதுவும் கியரில்லாச் சைக்கிளில். அந்த மனவுறுதி மெய்யாகவே வியக்கத்தக்கது.)

முதல் பாதி எதிர்க்காற்றிலும் களைத்த பிறகு வரும் பாதி பின்காற்றிலும் அமையும்படி புறப்படும் இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். அல்லது திரும்பவே வேண்டாம்: தென்மேற்குக் காற்று நாளில் டோர்ட்ரெக்டிலிருந்து கிழக்கே கோரிங்கெம் வழியாக லிங்கே ஆற்றைப் பிடித்து லேர்டாம் அல்லது கெல்டர்மால்சன் வரை போய், அதே வழியில் ஓடும் ரயிலில் வந்துவிடலாம். எழுத்தில் கோரிங்கெம், வாயில் 'கோர்கும்'. வழி கேட்கும்போது உதவும். ரயிலில் சைக்கிளுக்குத் தனி டிக்கெட் வேண்டும். தேசிய ரயில் நிறுவனமான என்.எஸ்.ஸின் ரயில்களில் வேலைநாட்களில் காலை 6:30–9:00, மாலை 4:00–6:30 ஏற்றக் கூடாது. ஜூலை, ஆகஸ்டில் இந்தத் தடை இல்லை. மடக்குச் சைக்கிளுக்கு எப்போதும் இலவசம். வட்டார ரயில்களின் விதி வேறாக இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆற்றுக்கரையில் இன்னொரு வசதி: பல இடங்களில் கரையின் உள்ளடியில் ஒரு சிறுசாலை போகும். வடகரையில் இருக்கும்போது தென்மேற்குக் காற்று ஆற்றின் மேலிருந்து வரும். கீழே இறங்கிவிட்டால் கரையே மறைப்பு. காட்சி போகும், கால் பிழைக்கும்.

சைக்கிளும் தரையும்

டயர் 28 மி.மீ.க்குக் குறைய வேண்டாம். 32 இன்னும் நல்லது. 75 கிலோ ஆளுக்கு 28இல் சுமார் 70 பி.எஸ்.ஐ., 32இல் 55 போதும். கரையோர ஊர்களுக்குள் செங்கல் பாவிய தரை வரும். கல்லாகக் காற்றடித்த டயர் அங்கே உள்ளங்கையை மரக்கடிக்கும். மாற்று டியூப், டயர் நெம்பி, பம்பு மூன்றும் கையோடு இருக்கட்டும். டச்சு நகரச் சைக்கிள்களில் நம் சாதாரண சைக்கிளில் உள்ள அதே வகை வால்வுதான் பெரும்பாலும். ரோடு சைக்கிள்களில் வரும் மெல்லிய பிரெஸ்டா வால்வுக்கு இரவல் பம்பு பொருந்தாமல் போகலாம்.

ஏற்றம் இல்லை என்றால் இறக்கமும் இல்லை. மிதிக்காமல் உருளும் ஓய்வு கிடைக்கவே கிடைக்காது. அதனால் இருக்கையில் வலி மலைநாட்டைவிட இங்கே சீக்கிரம் வரும். 10 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து பத்து மிதி மிதித்துவிட்டு உட்காருங்கள்.

விழ வைப்பவை: காரைத் தடுக்கப் பாதை நடுவே நட்டிருக்கும் குட்டைக் கம்பம். குழுவாகப் போகும்போது பின்னால் இருப்பவருக்கு அது தெரியாது. முன்னவர் கத்திச் சொல்லியே ஆக வேண்டும். மாடு தாண்டாதிருக்கப் பதித்த இரும்புக் குழாய் வரிசையை மழையில் நேராக, பிரேக் பிடிக்காமல், மிதிக்காமல் கடக்க வேண்டும், சாய்த்தால் சறுக்கும். ஈர மரப்பாலத்துக்கும் அதே விதி. இலையுதிர்காலத்தில் பீட்ரூட், உருளைக்கிழங்கு அறுவடை டிராக்டர்கள் விட்டுப்போகும் களிமண் சோப்பு போல வழுக்கும்.

முதல் சுற்று

கிண்டர்டைக்கில் தொடங்கும் 35–40 கி.மீ. வட்டம் ஒன்று எல்லாவற்றையும் காட்டிவிடும். 1740ஐ ஒட்டிக் கட்டிய 19 காற்றாலைகள் அங்கே நிற்கின்றன. 1997 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். காலையில் சீக்கிரம் போனால்தான் அந்தப் பாதையில் சைக்கிள் நகரும். பிறகு நடந்து பார்ப்பவர்களின் கூட்டம். அங்கிருந்து லெக் ஆற்றின் தென்கரைமேல் கிழக்கே: நியூ-லெக்கர்லாண்ட், ஸ்ட்ரேஃப்கெர்க், குரோட்-ஆமர்ஸ், கெல்கனஸ். இடது பக்கம் ஆறு. வலது பக்கம், ஆற்றைவிடத் தாழ்ந்த வயல். வீடுகள் கரைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும், கூரை உங்கள் கண்மட்டத்தில். கெல்கனஸில் படகேறினால் எதிர்க்கரையில் வெள்ளிவேலைக்குப் பேர்போன ஸ்கோன்ஹோஃபன். பின் வடகரையில் மேற்கே பெர்காம்பாக்ட் பக்கமாக லெக்கர்கெர்க், கிரிம்பன் ஆன் டெ லெக். அங்கே மறுபடி படகேறினால் கிண்டர்டைக்.

தென்மேற்குக் காற்று நாளில் இந்த வட்டத்தை ஸ்கோன்ஹோஃபனில் தொடங்குவதே சரி. அப்போது எதிர்க்காற்றுள்ள வடகரை முதலிலேயே முடிந்துவிடும்.

இந்த வட்டாரம் ஆழ்ந்த மதப்பற்றுள்ளது. ஞாயிற்றுக்கிழமை கரையோர ஊர்களில் கடை பெரும்பாலும் மூடியிருக்கும். இரண்டு பாட்டில் தண்ணீரும் இரண்டு மணி நேரத்துக்கான சாப்பாடும் எடுத்துக்கொள்ளுங்கள். கரையைப் பலப்படுத்தும் வேலையும் நடந்துகொண்டே இருக்கும்; ஸ்கோன்ஹோஃபனுக்குக் கிழக்கே ஆமெரோங்கன் வரை 55 கி.மீ. வடகரையைப் பகுதி பகுதியாக உயர்த்தி இறுக்குகிறார்கள். மஞ்சள் பலகை கண்டால் அது காட்டும் சுற்றுவழியிலேயே போங்கள். தடுப்பைத் தாண்டினால் லாரித்தடச் சேற்றில் முடியும்.

படகு நேரத்தை மட்டும் முந்தின இரவே பார்த்துவையுங்கள். கார் ஏற்றும் படகுகள் ஆண்டு முழுவதும் ஓடினாலும் ஞாயிறு நேரம் வேறு. சைக்கிளும் ஆளும் மட்டும் ஏறும் சிறுபடகுகள் பல ஏப்ரல் தொடங்கி இலையுதிர்காலத்தோடு நின்றுவிடும். கட்டணம் சொற்பம்தான். ஆனால் கிண்டர்டைக்குக்கும் வியானனுக்கும் இடையில் லெக் ஆற்றின் மேல் ஒரு பாலம்கூட இல்லை. கடைசிப் படகு போய்விட்டால், எதிர்க்கரையில் உங்கள் அறையின் விளக்கு தெரிந்தாலும், இருட்டில் பல பத்துக் கிலோமீட்டர் சுற்றித்தான் அங்கே போய்ச்சேர முடியும்.